ஒண்ணுமில்லைக்கு எத்தனை நாள்?

"ஒண்ணுமில்லைன்னா, அது எத்தனை நாள்ல சரியாகும்?"

ஒரு ரத்தப் பரிசோதனை லேபில், ரிப்போர்ட் கொடுக்கும் சன்னலில் ஒரு குழந்தை கேட்ட கேள்வி இது. கேட்டவளுக்கு ஏழு வயது இருக்கும். இரட்டைப் பின்னல். சன்னல் பலகைக்கு மேலே மூக்கு மட்டும்தான் எட்டியது. இரண்டு தெரு தள்ளிச் சின்னதாகத் தையல்கடை வைத்திருந்த அவளுடைய அம்மா, சுவரில் சாய்ந்து கண்ணை மூடி நின்றிருந்தாள். சன்னலுக்கு உள்ளே இருந்தவள் ஊசியக்கா.

ஊசியக்கா என்பது தாய் தகப்பன் வைத்த பேர் அல்ல. பத்தொன்பது வருடமாக ஊர்க்காரர்களின் கையைப் பிடித்து ஊசி குத்தி ரத்தம் எடுத்ததற்குக் குழந்தைகள் கொடுத்த பட்டம். கைராசிக்காரி. ஒவ்வொரு முறையும் ஊசியை உயர்த்துவதற்கு முன்னால், "ஆண்டவனே, ஒரே குத்துல கிடைக்கணும்" என்று மனசுக்குள் ஒரு வரி வேண்டிக்கொள்வாள். ஆண்டவனும் பெரும்பாலும் கேட்டுவிடுவான். கேட்டுக் கேட்டு, தான் எதைச் சொன்னாலும் ஆண்டவன் பின்னால் நின்று தலையாட்டுகிறான் என்றொரு நினைப்பு அவளுக்கு வந்துவிட்டது. அதுதான் வினை.

அன்றைக்குத் தையல்காரம்மாவின் ரிப்போர்ட்டை நீட்டியவள், "தைராய்டு நார்மல்மா. உங்களுக்கு ஒண்ணுமே இல்ல" என்றாள். தாள் கொடுப்பதோடு அவள் நிறுத்துவதில்லை. ஒரு நல்ல வார்த்தையும் சேர்த்துக் கொடுப்பாள். "போன தடவை முடி கொட்டுதுன்னீங்களே, நான் சொன்ன மாத்திரை வாங்கினீங்களா? விடாம சாப்பிடுங்க. நானும் அதான் சாப்பிடறேன்."

தையல்காரம்மா தலையாட்டினாள். அப்போதுதான் சன்னலுக்குக் கீழே இருந்து அந்தக் கேள்வி வந்தது.

"எங்கம்மாக்கு எப்பவும் தூக்கமா வருது. சாயங்காலம் என்கூடப் பேசவே மாட்டேங்கறாங்க. அது ஒண்ணுமில்லைன்னா, எத்தனை நாள்ல சரியாகும்?"

லேபே சிரித்தது. மெஷினை ஓட்டுகிற மெஷினண்ணன் உள்ளேயிருந்து ஓடிவந்து, "என்ன, என்ன?" என்று கேட்டு இரண்டாம் முறை சிரித்தார். எல்லோரையும்விட அதிகம் சிரித்தவள் ஊசியக்கா. ஒரு பஞ்சு உருண்டையைக் குழந்தையின் கையில் வைத்து, "சமத்து, போய்ட்டு வா" என்று அனுப்பிவைத்தாள். பதில் சொல்லவில்லை.

கேள்வியை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டாள். டீ நேரத்தில் சொன்னாள், பக்கத்து வீட்டில் சொன்னாள், கணவரின் நண்பர்கள் வந்தபோது சொன்னாள். சொல்லச் சொல்ல அதற்குக் கைகால் முளைத்தது. மூக்கைத் தூக்கிக் காட்டுவாள், பின்னலை ஆட்டிக் காட்டுவாள், மழலையே இல்லாத குழந்தைக்கு மழலைக் குரல் கொடுப்பாள். கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எட்டு மாதம் அந்தக் குழந்தையின் கவலையை வைத்து ஊசியக்கா பேரும் புகழும் சம்பாதித்தாள்.

அதற்கப்புறம் ஒண்ணுமில்லை அவள் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

முதலில் குளிராக வந்தது. வீடே வேர்த்து விசிறிக்கொண்டிருக்க, அவள் மட்டும் போர்வையைத் தேடினாள். ஃபேனை அவள் அணைப்பாள், கணவர் போடுவார். லிஃப்ட் மெக்கானிக்கான அவர், "நாள் முழுக்க ஒரு பெட்டி மேலயும் கீழயும் போறதைப் பாக்கறேன். வீட்டுக்கு வந்தா ஃபேன் சுவிட்சும் அதே வேலை பண்ணுது" என்று அலுத்துக்கொண்டார். ஆனால் மறுநாள் வரும்போது அவர் பையில் ஒரு ஜோடி கம்பளிக் காலுறை இருந்தது. தலையணை மேல் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்து குரல். கட்டைக் குரல் கேட்டுப் போனில் ஒருவர், "அண்ணே, என் ரிப்போர்ட் ரெடியாண்ணே?" என்றார். அவளும் வம்பெதற்கு என்று, "ரெடி தம்பி, வா" என்று சொல்லி வைத்துவிட்டாள். அப்புறம் எடை. பாதி சாப்பாடு சாப்பிட்டாள், உடம்பு முழுச் சாப்பாட்டுக்கான கணக்கைக் காட்டியது. காலையில் கண்ணாடியில் பார்த்தால், யாரோ உப்பிய முகத்தோடு, "நீ யாரு?" என்று கேட்பதுபோல் இருந்தது. மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். யாராவது கேட்டால், "காத்து வாங்கறேன்" என்பாள். காற்றே வராத படிக்கட்டு அது.

லேபில் இருக்கிறவளுக்கு டாக்டர் எதற்கு? ஒருநாள் காலை வழக்கம்போல் டீயும் மாத்திரையும் முடித்துவிட்டு வந்து, தன் கையில் தானே ஊசி போட்டுக்கொண்டாள். ஃபாரம் நிரப்ப வேண்டும் என்பது விதி. பேர், வயது எழுதினாள். "தற்போது சாப்பிடும் மருந்துகள்" என்ற கட்டத்தில், பத்தொன்பது வருடமாக எல்லோருக்கும் போட்ட அதே கோட்டைத் தனக்கும் போட்டாள். ரிப்போர்ட் வந்தது. தைராய்டு நார்மல்.

ஒரு மாதம் கழித்து மறுபடி எடுத்தாள். மறுபடியும் நார்மல்.

"அண்ணே, மெஷின் சரியாத்தான் ஓடுதா?"

மெஷினண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "யக்கா, என்னைச் சொல்லுங்க, கேட்டுக்கறேன். மெஷினைச் சொல்லாதீங்க. காலைல நான் பல் தேய்க்கறதுக்கு முன்னாடி அதுக்கு டெஸ்ட் ஓட்டிப் பாத்துட்டுத்தான் மறுவேலை."

"இல்லண்ணே, எனக்கு ஏதோ இருக்கு. எனக்குத் தெரியுது."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவள் காதிலேயே விழுந்தது. எனக்கு ஏதோ இருக்கு, எனக்குத் தெரியுது. சன்னலுக்கு வெளியே நின்று எத்தனை பேர் இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்கள்! அவர்கள் போனதும் மெஷினண்ணனைப் பார்த்து அவளே கண்ணைச் சிமிட்டியிருக்கிறாள். இப்போது மெஷினண்ணன் யாரைப் பார்த்துக் கண் சிமிட்டுவது என்று தெரியாமல் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊருக்கெல்லாம் நார்மலை வாரி வழங்கிய வள்ளல், தன் பங்குக்கு இரண்டு நார்மலைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தாள்.

இதோடு போயிருந்தால் சிரித்துக்கொண்டே காலத்தை ஓட்டியிருப்பாள். மறதி வந்ததுதான் பயமாகிவிட்டது.

ஒருநாள் மெஷினண்ணன் உள்ளேயிருந்து கூப்பிட்டார். "யக்கா, ஒரு சந்தோஷச் செய்தி. மூணாவது நாற்காலில உக்காந்திருக்காரே பெரியவர், எழுபது வயசு, அவர் மாசமா இருக்காராம்."

இரண்டு ரத்தக் குழாய்களில் பேர்ச்சீட்டை மாற்றி ஒட்டியிருந்தாள். பெரியவரின் ரத்தம் வேறொரு இளம்பெண்ணின் பேரில், அந்தப் பெண்ணின் ரத்தம் பெரியவர் பேரில். எல்லோரும் சிரித்தார்கள், பெரியவரும் சேர்ந்து சிரித்தார். இருவரிடமும் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஊசியக்கா பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பெரியவர் ஆணாக இருந்ததால் பிடிபட்டது. அவர் இடத்தில் இன்னொரு பெண் இருந்திருந்தால்? யாருடைய தாள் யார் வீட்டுக்குப் போயிருக்கும்?

சாயங்காலம் லேபின் சொந்தக்காரியான டாக்டரம்மா கூப்பிட்டாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"வயசாகுது, அலுப்பா இருக்கும். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ஊசி வேண்டாம், பில் போடற மேசைக்கு வந்துடு. என்ன?"

"சரிங்க டாக்டரம்மா."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது குரல் இன்னும் கட்டையாக இருந்தது. "இந்தக் கை ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்ச வித்தை. அதையும் விட்டுட்டா நான் யாருங்க?"

"டாக்டர்கிட்டப் போலாம்."

"என்னன்னு போறது? ரெண்டு ரிப்போர்ட்டும் நார்மல். அதுல கையெழுத்துக்கு மேல என் பேரே அச்சாகியிருக்கு, எடுத்தது நான்தான்னு. ஒருவேளை நான் சும்மா சோம்பேறியாயிட்டேனோ என்னமோ."

அவர் காலுறையைத் தேடி எடுத்துக் கொடுத்தார். "ஏறினவன் லிஃப்ட் குலுங்குதுன்னு சொன்னா, மீட்டர்ல சரியாத்தான் காட்டுதுன்னு சொல்லிட்டு நான் திரும்பி வர்றதில்ல. நானும் ஒருதடவை ஏறிப் பாப்பேன். எவனாவது ஏறிப் பாக்கற டாக்டரா பாத்துப் போலாம், வா."

போனார்கள். டாக்டர் சின்ன வயசுக்காரர், கல்லூரி முடித்து நேராக வந்தவர் மாதிரி இருந்தார். ஊசியக்காவுக்கு முதல் பார்வையிலேயே நம்பிக்கை போய்விட்டது. அவரோ ரிப்போர்ட்டுகளைக் கையில் வாங்கி, படிக்காமலேயே கவிழ்த்து வைத்தார். கழுத்தைத் தடவிப் பார்த்தார். முழங்கையைச் சின்னச் சுத்தியால் தட்டினார். தோலைக் கிள்ளிப் பார்த்தார். அப்புறம் கேட்டார்.

"என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

கணவர் தொண்டையைக் கனைத்தார். "பீரோ மேல ஒரு டப்பா இருக்கே?"

"அது மாத்திரை இல்லங்க. அது முடிக்கு."

"முடிக்கு இருந்தாலும் முழுங்கறது வாயிலதானே?" என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

டாக்டர் நிமிர்ந்தார். "முடிக்குன்னு விக்கற வைட்டமின், பயோட்டினா? எவ்வளவு நாளா?"

"ஒரு வருஷத்துக்கு மேல. ஒண்ணுதான் போட்டிருந்தது. நான் சீக்கிரம் வளரட்டும்னு ரெண்டா சாப்பிடறேன்." சொல்லும்போதே அவளுக்கு உள்ளே ஏதோ இடறியது.

"டெஸ்ட் எடுத்த அன்னிக்கும் சாப்பிட்டீங்களா?"

"டீயோடயே."

டாக்டர் சிரிக்கவில்லை. அதற்காக அவரைக் கடைசி வரைக்கும் மறக்க மாட்டாள். "உங்க லேப்ல இருக்கிற மாதிரி சில மெஷின்ல, ரத்தத்துல இருக்கறதைப் பிடிச்சு நிறுத்தறதே பயோட்டினைப் பசை மாதிரி வெச்சுத்தான். நீங்க வெளியிலேர்ந்து அதே பசையைக் கொட்டினா மெஷின் ஏமாந்துடும். ஏறியிருக்கறதை இறக்கிக் காட்டும், இறங்கியிருக்கறதை ஏத்திக் காட்டும். சில சமயம் ரெண்டும் சேர்ந்து அழகா நார்மல்ல வந்து நிக்கும். ஒரு வாரம் அதை நிறுத்திட்டு மறுபடி எடுங்க. அப்பவும் நார்மல்னா வேற காரணம் தேடலாம். இது லேப்ல இருக்கற உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே, கிட்டோட வர்ற தாள்லயே போட்டிருப்பாங்க."

ஊசியக்கா கவிழ்ந்து கிடந்த ரிப்போர்ட்டுகளை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தாள்.

அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மெஷினுக்கான மருந்துப் பெட்டி ஒவ்வொன்றுக்குள்ளும் எறும்பெழுத்தில் ஒரு விளக்கத்தாள் மடித்து வரும். தாள் கெட்டியாக இருக்கும். குழாய்களைச் சுழற்றுகிற இயந்திரம் நிற்கும் மேசைக்கு ஒரு கால் கட்டை. நாலு வருடத்துக்கு முன்னால் அந்த விளக்கத்தாளை எட்டாக மடித்து, மேசைக்காலுக்கு அடியில் சொருகியவளே அவள்தான். "எதுக்கும் உதவாத தாள் இதுக்காவது உதவுச்சு" என்று சொன்னதும் நினைவிருந்தது.

மறுநாள் காலை யாரும் வருவதற்கு முன்னால் முழங்காலிட்டு அந்தத் தாளை உருவினாள். மேசை ஆடியது. தாளை விரித்துத் தடவி, கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தாள். கறை பிடித்த மடிப்புக்கு நடுவே, மூன்றாம் பத்தியில், அப்படியே இருந்தது. அதிக அளவில் பயோட்டின் சாப்பிடுகிறவர்களின் முடிவைச் சந்தேகத்தோடு பார்க்கவும் என்று. ஊருக்கு வெளிச்சம் காட்டுகிறேன் என்று விளக்கைத் தலையில் சுமந்துகொண்டு, தன் காலடிக் குழியில் விழுந்தவளின் கதை அது. முடி கொட்டுவது நோயின் அடையாளம், அந்த முடிக்குச் சாப்பிட்ட மாத்திரை நோயை மறைத்தது. சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதையும் தினம் இரண்டாக, டீயோடு விழுங்கியிருக்கிறாள்.

ஒரு வாரம் கழித்து, தன் கையில் மறுபடி ஊசி போட்டுக்கொண்டாள். இந்த முறை, "ஆண்டவனே, உண்மை எதுவோ அது வரட்டும்" என்று வேண்டினாள். மெஷினண்ணன் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். தைராய்டு சுரப்பு குறையக் குறைய ஏறுகிற எண் அது. நாலுக்குள் இருக்க வேண்டியது முப்பத்தெட்டில் நின்றது.

"யக்கா..." என்று தாளை நீட்டினார்.

ஊசியக்கா அந்தத் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தாள். பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி. வியாதி வந்ததற்குச் சந்தோஷப்பட்ட முதல் ஆள் தானாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. சோம்பேறி இல்லை, பைத்தியம் இல்லை, வயசு இல்லை. உடம்பு இத்தனை நாளும் பொய் சொல்லவில்லை.

சிரிப்பு பாதியில் நின்றது. இதே சன்னலில் அந்தக் குழந்தையின் கேள்விக்கும் சிரித்திருக்கிறாள். அதற்குச் சற்று முன்னால் அதன் அம்மாவிடம் சொன்னது நினைவுக்கு வந்தது.

நான் சொன்ன மாத்திரை வாங்கினீங்களா? விடாம சாப்பிடுங்க.

கடந்த வருட ஃபாரங்களைக் கட்டோடு இறக்கினாள். மருந்து என்ற கட்டத்தில் எல்லாம் கோடு, கோடு, கோடு. அத்தனையும் அவள் கையெழுத்து. யார் எதைச் சாப்பிட்டார்கள் என்று அவள் கேட்டதே இல்லை. டாக்டரம்மாவிடம் போய் ஒளிக்காமல் சொன்னாள். டாக்டரம்மா மேசைக்கால் தாளை வாங்கிப் படித்துவிட்டு, நோயாளிகளை அனுப்புகிற டாக்டர்கள் எல்லோருக்கும் அன்றைக்கே எழுதினாள். சன்னலுக்கு மேல், "முடிக்கு, நகத்துக்கு, சத்துக்கு என்று எந்த மாத்திரை சாப்பிட்டாலும் சொல்லுங்கள்" என்று ஒரு பலகை வந்தது.

ஆனால் பலகை, போனவர்களைத் திரும்பக் கூப்பிடாது. பல நூறு பேரில் ஊசியக்காவுக்கு முகத்தோடு நினைவிருந்தது தையல்காரம்மா ஒருத்திதான். அதுவும் அவள் மேல் வைத்த அக்கறையால் இல்லை. அவள் குழந்தையை வைத்துச் சிரித்த சிரிப்பால். கடவுள் எந்த மூட்டையில் எதைக் கட்டி வைக்கிறார் என்று யாருக்குத் தெரியும்!

தையல்கடையின் ஷட்டர் பாதிதான் தூக்கியிருந்தது. குனிந்து உள்ளே போனாள். தையல்காரம்மா மெஷின் மேலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஊசியில் நூல் கோத்தபடி நின்றிருந்தது. முன்பு புதுத்துணி தொங்கிய கொடியில் நாலைந்து பழைய சட்டைகள் மட்டும், பட்டன் வைக்கவும் கிழிசல் தைக்கவும்.

"லேப் அக்காவா? நான் ஏதாவது குடுக்கணுமாக்கா?" திடுக்கிட்டு எழுந்தாள். அவள் குரலும் கட்டையாகத்தான் இருந்தது.

"இல்லம்மா. நான்தான் குடுக்கணும். அந்த முடி மாத்திரை, இன்னும் சாப்பிடறீங்களா?"

தையல்காரம்மா முகத்தில் ஒரு பெருமை வந்தது. "நீங்க சொல்லிட்டுப் போயிடுவீங்க, நான் விட்டுடுவேனா? சாப்பாட்டை விட்டாலும் அதை விடல."

அந்தப் பெருமை ஊசியக்காவை எந்த ஊசியும் குத்தாத இடத்தில் குத்தியது. உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். தன் கோடு, தன் டப்பா, மேசைக்கால், முப்பத்தெட்டு, எதையும் விடவில்லை. மாசமாக இருந்த பெரியவரையும் சொன்னாள். அதற்குத் தையல்காரம்மா சிரித்துவிட்டாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, மடியில் இருந்த சட்டையின் பட்டனைத் திருகினாள்.

திட்டுவாள் என்று ஊசியக்கா காத்திருந்தாள். திட்டினால் வாங்கிக்கொண்டு போவதற்குத்தான் வந்திருந்தாள்.

"அப்போ... நான் சோம்பேறி இல்லையாக்கா?"

"இல்லம்மா."

"வீட்ல எல்லாரும், ஒண்ணுமில்லாததுக்கு ஏன் படுத்துக்கறேன்னு கேக்கறாங்க. தாள்ல இருக்கே, நான் என்ன பதில் சொல்றது? எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. காலைல எழுந்திரிக்க முடியாம படுத்திருக்கும்போது, எழுந்திருடி வேஷக்காரின்னு நானே என்னைத் திட்டிப்பேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்கும் அப்படி இருந்துதா?"

"எனக்கு இன்னும் மோசம். நான் மெஷினையும் சேர்த்துத் திட்டினேன்." ஊசியக்கா அவள் கையைப் பிடித்தாள். இரண்டு கையும் ஒரே குளிர்ச்சி. "இப்பவும் நிச்சயமா இதான்னு சொல்ல மாட்டேன்மா. ஒரு வாரம் மாத்திரையை நிறுத்துங்க. நானே வந்து ரத்தம் எடுக்கறேன். அப்பவும் நார்மல்னு வந்தா வேற எதுன்னு தேடுவோம். ஒண்ணுமில்லைன்னு மட்டும் இனிமே சொல்ல மாட்டேன்."

ஒரு வாரம் கழித்து வந்தாள். ஒரே குத்தில் கிடைத்தது. ஊசி மூடி கைநழுவி வெட்டுமேசைக்கு அடியில் உருண்டது. எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். மேசையின் உள்பக்கத்துக் கருத்த பலகை முழுக்கத் தையல் சுண்ணாம்புக் கட்டியால் போட்ட கோடுகள். வெள்ளைக் கோடு, நீலக் கோடு, ரோஸ் கோடு. வரிசை வரிசையாக, குழந்தையின் கை எட்டுகிற உயரத்தில்.

"அது எம்பொண்ணு வேலை," என்றாள் தையல்காரம்மா, பஞ்சை அழுத்திப் பிடித்தபடி. "அன்னிக்கு லேப்ல இருந்து வந்த நாள்லேர்ந்து ஆரம்பிச்சா. ஸ்கூல் விட்டு வந்ததும் உள்ள பூந்து ஒரு கோடு. எதுக்குடின்னு கேட்டா, எண்ணிட்டு இருக்கேங்கறா. என்னத்தைன்னு சொல்ல மாட்டா."

ஊசியக்காவுக்குத் தெரிந்தது. யாரும் பதில் சொல்லாததால், எத்தனை நாள் என்று அந்தக் குழந்தை தானே எண்ணிக் கண்டுபிடிக்கப் பார்த்திருக்கிறாள். இவள் ஊரெல்லாம் அந்தக் கேள்விக்கு மழலை சேர்த்துச் சொல்லிச் சிரிக்க வைத்த ஒவ்வொரு நாளும், இங்கே மேசைக்கு அடியில் ஒரு கோடு விழுந்திருக்கிறது. மூடியை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். தலை மேசையில் இடித்தது. வேண்டும் நமக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த ரத்தத்தில் எண் நாற்பத்திரண்டு வந்தது. தன் ரிப்போர்ட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, தையல்காரம்மாவை அந்தச் சின்ன வயசு டாக்டரிடம் ஊசியக்காவே கூட்டிக்கொண்டு போனாள். இருவருக்கும் ஒரே மருந்து, அளவு மட்டும் வேறு. இருவரும் காலையில் வெறும் வயிற்றில் விழுங்க வேண்டும்.

இதற்கிடையே லேபில் புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். டீ நேரத்தில் மெஷினண்ணன் உற்சாகமாக, "யக்கா, அந்தக் குட்டிப்பொண்ணு கேள்வியை இவளுக்கும் சொல்லுங்க" என்றார்.

"அதைவிட நல்ல கதை ஒண்ணு இருக்கு," என்றாள் ஊசியக்கா. "ஒரு கெட்டிக்காரி இருந்தா. அவளுக்கு எல்லாம் தெரியும். மேசைக்கு ஒரு கால் கட்டை..." என்று ஆரம்பித்து, தன்னைத் தூக்கிக் காட்டி, தன் கட்டைக் குரலையே ஆட்டிக் காட்டிச் சொன்னாள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். குழந்தையின் கேள்வியை அதற்கப்புறம் அந்த லேபில் யாரும் கேட்கவில்லை.

மருந்து ஆரம்பித்த இரண்டாம் நாள், வேலைக்குப் போகிற வழியில் தையல்கடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"மாத்திரை சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்க்கா. நேத்திக்கே சரியாயிடும்னு நெனச்சேன். ஒரு மாத்தமும் இல்ல."

"எனக்கும்தான். கண்ணாடி இன்னும் யாருன்னு கேக்குது. டாக்டர் எவ்வளவு நாள் சொன்னார்?"

"கொஞ்சம் கொஞ்சமாத் தெளியுமாம். ஆறு வாரம் கழிச்சுத் திரும்ப ரத்தம் பாக்கணுமாம். இருங்க, டீ வெக்கறேன். ஒரு வாய் குடிச்சுட்டுத்தான் போகணும்." தையல்காரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து பின்கட்டுக்குப் போனாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

கடையில் யாரும் இல்லை. குழந்தை பள்ளிக்கூடம் போயிருந்தாள். தெருவில் போகிறவர்களுக்குப் பாதி ஷட்டருக்குக் கீழே கால்கள் மட்டும்தான் இருந்தன. ஊசியக்கா மேசை மேலிருந்து ஒரு வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொண்டு, முழங்கால் வலியோடு, உப்பிய உடம்பை மடக்கிக்கொண்டு வெட்டுமேசைக்கு அடியில் நுழைந்தாள். கடைசிக் கோடு நேற்றையது, நீலம். அதற்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் போட ஆரம்பித்தாள். குழந்தை நாளுக்கு ஒன்றாக நிரப்பிக்கொள்ள வசதியாக, காலிக் கட்டங்கள். ஏழேழாக ஆறு வரிசை. நாற்பத்திரண்டு.

முடித்துவிட்டுப் பார்த்தாள். பத்தொன்பது வருடப் பழக்கம், முன்னே பின்னே என்று வரம்பு போடாமல் ஒரு எண்ணை எழுதிக் கொடுக்க மனம் வரவில்லை. கீழே இன்னும் ஏழு கட்டங்களைப் புள்ளிக்கோட்டில் சேர்த்தாள்.

பின்கட்டில் டீ ஆற்றும் சத்தம் கேட்டது. அவள் ஊர்ந்து வெளியே வந்து, புடவையில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிவிட்டு, கட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.